காற்று ஒழுகும் இடம்

எந்த அறைக்குள் நுழைந்தாலும் அக்கா முதலில் புறங்கையை நனைத்துக் கதவிடுக்கில் வைத்துப் பார்ப்பார். காற்று எங்கே நழுவுகிறது என்று தெரிந்த பிறகுதான் உட்காருவார். வங்கியிலும் இதே கதைதான். கூட வரும் தம்பிக்கு மானம் போகும்.

வண்டி இருக்கைகளுக்கு உறை தைப்பது அக்காவின் தொழில். பட்டறையின் பின்பாதியில் தம்பி ஆறு வருடமாக ஒரு விமானம் கட்டினார். இருவர் உட்காரலாம். இருக்கை உறை அக்காவுடையது. பார்க்க வருகிறவர்கள் இறக்கைப் பக்கம் போவதற்குள் "இங்க தடவிப் பாருங்க, தையல் கையில தட்டுதா?" என்று மறித்துவிடுவார்.

விமானம் பறந்தது. ஆனால் மேலேற ஆரம்பித்த நாலாவது நிமிடம் பின்பக்கச் சிலிண்டர் ஒன்று கொதித்துப்போகும். தம்பி திரும்பி இறங்கிவிடுவார். அந்த எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் கிடையாது. முன்னால் உள்ள இரண்டு துளைகள் வழியே வரும் காற்று மட்டும்தான். சோதனையாகப் பறக்கத் தந்த அனுமதியோ வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் சூடு அடங்காவிட்டால் மனுப் போடுவதிலிருந்து எல்லாம் மறுபடியும்.

தம்பி ரம்பத்தை எடுத்தார்.

"ஓட்டையப் பெருசாக்கிடலாம்க்கா."

"அடி கிழிஞ்ச பைக்கு வாயை அகலமாக்கி என்னடா பிரயோஜனம்?"

"விமானத்தப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

"உன்னப் பத்தித் தெரியும். ரம்பத்தக் கீழ வை."

அக்கா சிலிண்டர்களுக்குக் கீழே ஒரு பல்பை எரியவிட்டு, எஞ்சினின் மேல்மூடியை மாட்டச் சொன்னார். பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு, முன்துளையில் கண்ணை வைத்தார். சிலிண்டர்களைச் சுற்றிய தகரத்துக்கும் மூடிக்கும் நடுவே, இருட்டாக இருக்க வேண்டிய விளிம்பில், பதினோரு இடத்தில் வெளிச்சம். சிலிண்டரைத் தொடாமலே காற்று நழுவிப்போகிற இடங்கள் அவை.

விளிம்பில் தம்பி பொருத்தியிருந்த ரப்பர் பட்டையை இழுத்துப் பார்த்தார். "காத்துக்கு முதுகக் காட்டி மடிச்சிருக்கியே. அது வர்ற பக்கம் பார்த்து மடிச்சா, அதுவே தள்ளி மூடியோட ஒட்ட வச்சிடும்." இரண்டு நாள் பட்டறையில் வேறு வேலை நடக்கவில்லை. பட்டை முழுவதையும் பிரித்து, புதிதாக வெட்டி, தானே பொருத்தினார்.

வெள்ளிக்கிழமை விமானம் ஏறியபோது அக்கா அண்ணாந்து பார்க்கவில்லை. ஓடுபாதை ஓரத்தில் முக்காலி போட்டு, ஒரு லாரி உறையின் பழைய தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார். நாலு நிமிடம் கடந்தது. நூல் இரண்டு முறை அறுந்தது. இருபது நிமிடம் கழித்துத் தம்பி இறங்கினார்.

"சூடு எல்லைக்கு நாப்பது டிகிரி கீழயே நின்னுச்சுக்கா."

பார்வையிட வந்திருந்த சோதனை அதிகாரி தம்பியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பிரமாதமா கட்டியிருக்கீங்க."

எஞ்சின் ஆறியதும் அக்கா மூடியைக் கழற்றச் சொல்லி, மல்லாக்கப் போட்டார். ரப்பர் உரசிய தடம் உட்புறத்தில் ஒரு கறுப்புக் கோடாக ஓடியது, எங்கும் விட்டுப்போகவில்லை. அதிகாரியின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, அவர் விரலை அந்தக் கோட்டின் ஒரு முனையில் வைத்தார்.