பபூன் சொன்ன பேர்

சின்னப்பிள்ளைக்கு வாய் அடங்காது. இதை அவள் எதிரிலேயே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை.

இலுப்பூர்ப் பக்கம் எங்கள் ஊரில் அவள் இட்லிக்கடை போட்டு இருபது வருஷம். புருஷன் போன பிறகு அந்த அடுப்பை நம்பித்தான் மகள் கார்த்திகாவை ஆளாக்கினாள். நான் பக்கத்து வீடு. கடையில் சட்னி என் பொறுப்பு.

அவளுக்கு ஒரே பைத்தியம், நாடகத்தில் கோமாளி வேஷம் கட்டும் பபூன் ஆவுடையப்பன். பங்குனித் திருவிழா நாடகத்துக்கு அவர் வந்தால் கடையைச் சாத்திவிட்டு மேடைக்கு முன்னால் பாய் விரித்துவிடுவாள். நோட்டீசிலிருந்து அவர் படத்தை வெட்டி, சாமி படத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருந்தாள். ஆட்டத்துக்கு முன்னால் தெருவில் நாலு பேரிடம் சேதி கேட்டு, அவர்கள் பேரைச் சொல்லி மேடையில் கிண்டலடிப்பது அவர் வழக்கம். பேர் வந்தவர்கள் ஒரு வருஷத்துக்கு அதையே பேசித் திரிவார்கள். இருபது வருஷத்தில் இவள் பேர் மட்டும் வந்ததே இல்லை.

போன வருஷம் கார்த்திகா வேறு சாதிப் பையன் நிலவழகனோடு போய்விட்டாள். "எங்க இருந்தாலும் ரெண்டு பேரையும் வெட்டாம விடமாட்டேன்" என்று சின்னப்பிள்ளையின் கொழுந்தன் இருளாண்டி கோயில் வாசலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தான். மகள் இருக்கும் இடம் அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

இந்தப் பங்குனியில் ஆவுடையப்பனே கடைக்குச் சாப்பிட வந்துவிட்டார். அவளுக்குக் கை கால் ஓடவில்லை.

"உக்காருங்கண்ணே. எம்மக ஒங்க காமெடியத்தான் போன்ல பாத்துச் சிரிச்சுக்கிட்டுக் கெடக்கா. ஏழு மாசம் அவளுக்கு."

"அப்படியா தாயி! புள்ள எங்கிட்டு இருக்கு?"

"பல்லடத்துல. ஒரு பேக்கரிக்கு மேல மாடி வீடு."

எனக்குத் திக்கென்றது. அவர் போனதும் அவளைப் பிடித்துக்கொண்டேன். "அடி பாவி, என்னடி சொல்லித் தொலச்ச?"

"போடி, அவரு பெரிய மனுசரு. அவருக்கு நம்ம வெவகாரம் என்ன தெரியும்?"

அதுதானே வினை, அவருக்கு ஒன்றுமே தெரியாது. நான் ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அவரிடம் எப்படிப் பேசுவது என்று கூச்சப்பட்டுச் சட்னியைத் தாளித்துக்கொண்டிருந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மேடைக்கு எதிரே சேரில் இருளாண்டி. நாங்கள் பாயில். யூடியூபில் லைவ் வேறு. ஆவுடையப்பன் ஒவ்வொரு பேராகச் சொல்லிச் சிரிக்கவைத்துக்கொண்டே வந்தார். சின்னப்பிள்ளை என் கையைப் பிடித்தாள். அவளுக்கும் அப்போதுதான் உறைத்திருக்கிறது.

"மாரியாத்தா, எம்பேரு வேணாம், எம்பேரு வேணாம்" என்று முணுமுணுத்தாள்.

"நம்ம சின்னப்பிள்ளை அக்கா இட்லி இருக்கே, பஞ்சு! ஆனா அவுக மக கார்த்திகாவுக்கு அது தேவையே இல்லப்பா. பல்லடத்துல பேக்கரிக்கு மேல குடியிருக்கு. வாசத்துலயே மூணு வேளையும் வயிறு நெறஞ்சிருது. அதான் ஏழு மாசத்துல வயிறு இம்புட்டு!"

சிரிக்க ஆரம்பித்த கூட்டம் பாதியில் நின்றது. இருளாண்டி எழுந்தான். மேடையேறி, ஆவுடையப்பன் சட்டையில் ஐந்நூறு ரூபாய் நோட்டைக் குத்தினான்.

ஆவுடையப்பன் அவனிடமே பேரைக் கேட்டுக்கொண்டு மைக்கில் சந்தோஷமாக அறிவித்தார். "அன்பளிப்பு ஐநூறு, இருளாண்டி அண்ணன்!"

அவன் இறங்கிப் போனான். இரண்டு பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. பல்லடம் மூன்று மணி நேரம்தான்.

சின்னப்பிள்ளை மடியிலிருந்து போனை எடுப்பதற்குள் அதுவே அடித்தது. நான்தான் வாங்கி ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஆத்தா! எம்பேரச் சொல்லிட்டாரு ஆத்தா, கேட்டியா?" கார்த்திகா சிரித்துக்கொண்டிருந்தாள். "எங்க வீட்டுக்காரரும் பாத்திருக்கலாம். ஷிப்டுக்குப் போயிட்டாரு, விடிஞ்சுதான் வருவாரு."

சின்னப்பிள்ளை வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

"ஏன் ஆத்தா, ஒண்ணும் பேச மாட்டேங்குற?"