லிஃப்ட்டம்மா எம்.ஏ.

காலை எட்டு இருபதுக்கு லிஃப்ட்டம்மா படியேறிக்கொண்டிருக்கிறார். ஒரு கையில் சாப்பாட்டுப் பை, இன்னொரு கையில் செருப்பு. செருப்போடு ஏறினால் படியின் வழுக்கல் தெரியாதாம். ஏழு மாடி, நூற்று அறுபத்தெட்டுப் படி. ஒன்பது மணிக்கு லிஃப்ட்டுக்குள் போய் நின்றால் சாயங்காலம் வரை மேலும் கீழும் போய்வரும் பிழைப்புதான். அதற்கு முன்னால் கட்டடத்தை ஒருமுறை காலால் பார்த்துவிட வேண்டும். எதிரே வரும் துப்புரவுக்காரம்மா, "லிஃப்ட்டே உன்னோடதுதானே, அதுல போனா என்னக்கா?" என்று தினமும் கேட்பார். "அது ஒருநாள் நின்னுச்சுல்ல, அதுலேர்ந்து நாங்க ரெண்டு பேரும் அளவாத்தான் பழகறோம்" என்பார் இவர்.

லிஃப்ட்டம்மாவுக்கு வயது நாற்பத்தொன்பது. ஒல்லியான உடம்பு, கணீர்க் குரல். ஒரு காதில் எப்போதும் இயர்போன். பாட்டுக் கேட்கிறார் என்றுதான் அந்த வணிக வளாகத்தில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஓடிக்கொண்டிருந்தது பேரிடர் மேலாண்மை முதுகலைப் பாடம். இணையவழிப் படிப்பு, இரண்டு வருடம். லிஃப்ட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. அதனால் பாடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்வார். வகுப்பு விவாதத்துக்கான பதிலை நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் எழுதி, தரைத் தளத்தில் கதவு திறந்ததும் அனுப்புவார்.

படிப்பு சும்மா வந்துவிடவில்லை. ஆறு வருடத்துக்கு முன் ஒரு மதியம் மின்சாரம் போய், லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே இவரைத் தவிரப் பதினொரு பேர். ஒருவர் கதவை உதைக்கிறார், ஒரு பெண்ணுக்கு மூச்சு வாங்குகிறது. இவர் எல்லோரையும் தரையில் உட்காரவைத்தார். இருட்டில் ஆளுக்கொரு எண் கொடுத்து, சுற்றிச் சுற்றி வரிசையாகச் சொல்லச் சொன்னார். பதினொன்று என்று சொன்னது ஐந்து வயதுக் குழந்தை. மூன்றாம் சுற்றில் அது சிரிக்க ஆரம்பித்துவிட்டது. நாற்பது நிமிடம் கழித்துக் கதவு திறந்தபோது பதினொரு பேரும் நடந்தே வெளியே வந்தார்கள். விசாரிக்க வந்தவர் எழுதிய அறிக்கையில் இருந்தது ஒரே வரி: 'ஆபரேட்டர் நடவடிக்கை எதுவும் எடுக்கவில்லை.'

"ஒண்ணுமே செய்யலியாம்ங்க நானு" என்று அன்றைக்கு வீட்டில் கொதித்தார். அந்தக் கொதிப்பு நாலு வருடமாகியும் ஆறவே இல்லை. பழைய தபால்வழிப் பட்டத்தைத் தூசி தட்டி எடுத்து விண்ணப்பம் போட்டுவிட்டார்.

முதல் வகுப்பில் எல்லோரும் தங்களை அறிமுகம் செய்துகொண்டார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி, ஒருவர் மருத்துவர், இரண்டு பேர் தீயணைப்புத் துறை. இவர் லிஃப்ட் ஆபரேட்டர் என்றதும் ராணுவ அதிகாரி, "லிஃப்ட் கம்பெனியா மேடம்?" என்றார். "இல்ல சார், லிஃப்ட்டுக்குள்ள."

ஆங்கிலம் முரண்டு பிடித்தது. ஒவ்வொரு சொல்லையும் தன் வழிக்குக் கொண்டுவந்தார். பாதிப்பை முன்கூட்டியே குறைக்கும் 'மிட்டிகேஷன்' என்றால் "கடிக்க வர்றதுக்கு முன்னாடியே பல்லப் புடுங்கி வெக்கறது." இரண்டாம் பருவத்தில் ஒருநாள், பள்ளி வேன் ஓட்டும் கணவருக்கு நடுப்பகலில் போன் செய்தார். "ஏங்க, அன்னைக்கு நான் செஞ்சதுக்குப் பேரு இருக்குதுங்க. மூணு பக்கம் எழுதியிருக்காங்க!" மூன்று பக்கத்தையும் போனிலேயே படித்துக் காட்டினார். மறுமுனையில் வேனை ஓரம் கட்டிவிட்டு, அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

மற்றபடி கணவர் கேலிக்காரர். "எங்க வீட்டுப் பேரிடர் இன்னும் வேலையிலேர்ந்து வரலை" என்பார். அவர் பாடு அவருக்குத்தானே தெரியும். சினிமாவுக்குப் போனால், அவசர வழிவரை ஒருமுறை நடந்து பார்த்த பிறகுதான் சீட்டில் உட்கார விடுவார் மனைவி. நாத்தனார் வீட்டுக்குப் போனவர், கொடுத்த தண்ணீரைக் குடிப்பதற்கு முன்பே கேஸ் சிலிண்டரை இடம் மாற்றினார். "அண்ணி, கொஞ்ச நேரம் விருந்தாளியா இருங்களேன்" என்று நாத்தனார் கெஞ்ச வேண்டியதாயிற்று.

சிக்கல் கடைசிப் பருவத்தில் வந்தது. ஒரு கட்டடத்தை ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும். லிஃப்ட்டம்மா தன் வளாகத்தையே எடுத்துக்கொண்டார். பின்பக்கப் படிக்கட்டுக்குப் போகும் மூன்றாம் மாடிக் கதவில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. அந்த மாடியில் பயிற்சி மையம்; ஒரு நேரத்தில் இருநூறு பிள்ளைகள் இருக்கும். பூட்டைப் படம் எடுத்து அறிக்கையில் வைத்தார். படம் எடுத்த விஷயம் காதுக்கு எட்டியதும் வளாக மேனேஜர் கூப்பிட்டனுப்பினார்.

"லிஃப்ட்டுக்குள்ள நிக்கறவங்களுக்குப் படிக்கட்டப் பத்தி என்னம்மா?"

"லிஃப்ட்டுக்குள்ள நிக்கறவளுக்குத்தான் சார் படிக்கட்டோட அருமை தெரியும்."

"கதவத் திறந்து வெச்சா திருட்டுப் போகுது. அந்தப் படத்த எடுத்துடுங்க. இல்லேன்னா லிஃப்ட்ல வேற ஆள் நிக்கும்."

படம் அறிக்கையிலேயே இருந்தது. மறுவாரம் லிஃப்ட்டில் வேறு ஆள் நின்றது. லிஃப்ட்டம்மாவை அடித்தளத்தில் வண்டிகளுக்குச் சீட்டுக் கொடுக்கும் கூண்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "அப்பாடா, இங்க சிக்னல் நல்லா இருக்கு" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கை மட்டும் முதல் இரண்டு நாள், இல்லாத பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தது.

அறிக்கை பற்றிய நேர்காணல் ஒரு சனிக்கிழமை பகலில், வீட்டிலிருந்தே. கணவர் வாசலில் நின்று, அழைப்பு மணியை யாரும் அடிக்காமல் பார்த்துக்கொண்டார். திரையில் இருந்த பேராசிரியை கடைசியாகக் கேட்டார்: "நிர்வாகத்தை எதிர்த்து இந்தப் படத்தை வெச்சிருக்கீங்க. உங்க வேலைக்கு ஆபத்தில்லையா?"

"ஆபத்துதான் மேடம். அதையும் நாலாவது அத்தியாயத்துல சேர்த்திருக்கேன்."

தேறிவிட்டார். சான்றிதழ் கைக்கு வந்த அன்றே தீயணைப்பு அலுவலகத்துக்கு ஒரு புகார் எழுதினார். மொட்டைக் கடிதம் இல்லை. முழுப்பெயர், பின்னால் பட்டம், கீழே 'வண்டிச் சீட்டுக் கூண்டு, அடித்தளம்' என்று முகவரி.

பத்தாம் நாள் அதிகாரி வந்தார். "புகார் கொடுத்தவங்களும் கூட வரட்டும்" என்றார். மூன்றாம் மாடியில் பூட்டின் முன்னால் மேனேஜர் ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்த்தார். எது பொருந்தும் என்று அவருக்கே தெரியவில்லை. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். எட்டாவது சாவிக்குச் சங்கிலி விழுந்தது. கதவைத் தள்ளினால் ஒரு சாணுக்கு மேல் நகரவில்லை. அந்தப் பக்கம் படிக்கட்டை அடைத்துக்கொண்டு உடைந்த பெஞ்சுகள், ஒன்றின் மேல் ஒன்றாக.

"இன்னைக்கே காலி ஆகணும்" என்றார் அதிகாரி.

"ஆள் அனுப்பறேன் சார்" என்று மேனேஜர் திரும்பிப் பார்த்தார். ஆள் யாரும் இல்லை.

லிஃப்ட்டம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒருக்களித்து இடுக்கு வழியாக உள்ளே நுழைந்தார். மேலே கிடந்த பெஞ்சின் ஒரு முனையைத் தூக்கி, மறுமுனையைக் கதவிடுக்கு வழியாக மேனேஜர் பக்கம் நீட்டினார்.

"பிடிங்க சார்."