கருப்பட்டிக் காப்பிப் பலகையும் மாப்பிள்ளையின் காலும்

கருவேலங்காட்டை வெட்டி நிலமாக்கியவன் நான். பாறைக்கு வெடி வைத்துக் கிணறு தோண்டியதில் இடது காது போனது, தண்ணீர் வந்தது. புயல் இரண்டு தடவை கடைக் கூரையைப் பிய்த்தெறிந்தது. மூன்றாம் தடவை கான்கிரீட் போட்டேன். கடையைக் காலி செய்யச் சொல்லி வந்த நாலு பேரில் இரண்டு பேர் கை ஒடிந்து திரும்பினார்கள். மூன்றாம் வகுப்பில் வாத்தியார் பிரம்பைப் பிடுங்கி முறித்ததோடு என் படிப்பு சரி. இன்றைக்குக் குடுமியான்மலை ரோட்டில் கார்கள் வரிசைகட்டி நிற்பது என் கருப்பட்டிக் காப்பிக்குத்தான்.

கடை வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை. 'சர்க்கரை நோயாளிகளும் தாராளமாக அருந்தலாம்' என்று எழுத வைத்தேன். வேறு கடைகளில் அப்படி எழுதுகிறார்கள் என்று பெயின்டர் சொன்னார். நானும் நம்பினேன். பனைமரத்திலிருந்து இறங்குவது உடம்பை என்ன செய்துவிடும்?

என்னைவிட அதிகம் நம்பியவர் என் தங்கையின் புருஷன். பல வருசமாக இன்சுலின் ஊசி போட்டவர். பலகை வந்தபிறகு காலையில் இரண்டு டம்ளர், சாயங்காலம் இரண்டு. ஊசியைப் பாதியாகக் குறைத்தார், அப்புறம் நிறுத்தியே விட்டார். வலது காலில் முள் குத்திய புண் ஆறவில்லை.

ஒரு மத்தியானம் தங்கை உலக்கையோடு கடைக்கு வந்தாள். கண்ணாடி டம்ளர் அடுக்கில் ஓங்கி ஒரு போடு போட்டாள். குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து ஓடினார்கள். தடுக்கப் போன எனக்குத் தோளில் விழுந்தது.

“அவருக்குச் சக்கர மிசின்ல விரலக் குத்திப் பாத்தேண்ணே. நம்பரே வரல, ரெண்டு இங்கிலீசு எழுத்துத்தான் வருது. அளக்க முடியாம ஏறுனா அப்புடித்தான் வருமாம், நர்சம்மா சொன்னாங்க. தேனு, வெல்லம், கருப்பட்டி, சீனி, ரத்தத்துக்குப் போனா எல்லாம் ஒண்ணுதானாம். காலு கறுத்துருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூப்புட்டா, எங்க மச்சான் பலகையில போட்டுருக்காருன்னு ஒக்காந்துருக்காரு.”

கடப்பாரையால் பலகையைப் பெயர்த்து லோடு வண்டியில் போட்டேன். தங்கையை ஏற்றிக்கொண்டு நேரே அவள் வீட்டுக்கு. காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். ஈ மொய்த்தது.

“கெளம்புங்க மாப்ள.”

“காலை வெட்டிருவாய்ங்க. வரமாட்டேன். கருப்பட்டி ஒண்ணும் செய்யாதுன்னு நீங்கதான எழுதுனீங்க?”

“எழுதுனது தப்பு.”

“தப்புன்னா எதுக்கு டெய்லி நாலு டம்ளர் ஊத்துனீங்க?”

பலகையை அவர் முன்னால் போட்டு, கடப்பாரையால் குத்திக் குத்திப் பிளந்தேன். அவர் தண்ணிச் செம்பை எடுத்து என் நெற்றியில் அடித்தார். ரத்தம் கண்ணில் இறங்கியது. அவர் கையை முறுக்கினேன், கடித்தார். கன்னத்தில் அறைந்து தரையில் அமுக்கினேன். மாப்பிள்ளை மேல் கை வைப்பது எங்கள் பக்கத்தில் லேசான காரியமில்லை. தங்கை அழவில்லை. கயிறு எடுத்துக் கொடுத்தாள்.

புதுக்கோட்டை வரைக்கும் வண்டியில் கட்டிக் கிடந்தபடியே திட்டினார். “கல்யாணத்தன்னைக்கு இந்தக் காலைக் கழுவி விட்டவன்டா நீ. இன்னைக்கு வெட்டக் கொண்டுபோற.”

இரண்டு கால்விரலை எடுத்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் முழங்காலோடு போயிருக்கும் என்றார் டாக்டர். இப்போது தினமும் ஊசி போடுகிறார், நடக்கிறார். என் கடைக்கு வந்து இனிப்பில்லாத காப்பி குடித்துவிட்டு, என்னோடு பேசாமல் போகிறார். கடையில் புதுப் பலகை இருக்கிறது: 'சர்க்கரை உள்ளவர்களுக்குக் கருப்பட்டிக் காப்பி கிடையாது.'

சொந்தபந்தம் கூடுகிற இடத்திலெல்லாம் தங்கையைப் புகழ்கிறார்கள், நர்சம்மாவைப் புகழ்கிறார்கள். என் பெயரை எடுப்பது அந்த இரண்டு விரலுக்கு மட்டும்தான். விரல் என் பலகையால் போனது, மறுக்கவில்லை. மிச்சக் கால் நிற்பது நெற்றியில் தையல் வாங்கிய என்னால். சொல்கிறவர்கள் இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதலில் மாப்பிள்ளை சொல்ல வேண்டும்.