டிக்கெட் மணி

1. இறக்கிய நாள்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருந்த எங்கள் ஊர் ஸ்டேஷனை யுத்த காலத்தில் மூடினார்கள். வண்டிகள் ஓடும், ஆனால் நிற்காது என்று உத்தரவு. நான் அங்கே போர்ட்டர். சாமான்களைக் கழற்றி விழுப்புரம் ஸ்டோருக்கு அனுப்பும் வேலை என் தலையில் விழுந்தது. சிக்னல் விளக்கு, தராசு, டிக்கெட் அலமாரி எல்லாவற்றையும் ஏற்றிவிட்டுக் கடைசியாக மணியை இறக்கினேன்.

மணி என்றால் வெண்கலம் இல்லை. பூவரச மரத்தில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டுதான். சாயங்காலப் பாசஞ்சருக்கு டிக்கெட் ஜன்னல் திறக்கும்போது ஒரு முறை அடிப்போம். அது டிக்கெட் மணி. வண்டி பக்கத்து ஸ்டேஷனை விட்டதும் இன்னொரு முறை அடிப்போம். அது வண்டியைப் பொறுத்தது, முன்னே பின்னே ஆகும். டிக்கெட் மணி கடிகாரத்தைப் பொறுத்தது, வண்டி எப்போது வந்தாலும் அது மாறாது.

லைனை ஒட்டி இருந்ததெல்லாம் பண்ணையார் நிலம். எங்கள் சேரி ஜனங்களுக்கு அங்கேதான் கூலி வேலை. பொழுது சாய்ந்துவிட்டது என்று ஆட்கள் சொல்வார்கள், இன்னும் சாயவில்லை என்று பண்ணையின் காரியக்காரர் சொல்வார். தினமும் வாய்ச்சண்டை. பண்ணையாரின் அப்பா காலத்தில், டிக்கெட் மணி அடித்தால் வேலையை விட்டுக் கரையேறலாம் என்று பேசி முடித்தார்கள். அதற்குப் பிறகு அந்தத் தகராறு இல்லை.

நான் மணியை இறக்கும்போது என் அக்கா அஞ்சலை வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதையுமா எடுத்துக்கினு போறீங்க?”

“கம்பெனி சாமான் அக்கா. விட முடியாது.”

“ரயிலு போனா போவுது. நாங்க எந்தக் காலத்துல அதுல ஏறுனோம்? இத மட்டும் வுட்டுட்டுப் போடா.”

துண்டைத் தூக்கி வேகனில் வைத்தேன்.

2. மணி இல்லாத காலம்

என்னைத் திண்டிவனம் கூட்ஸ் ஷெட்டுக்கு மாற்றினார்கள். லீவில் ஊருக்கு வந்தால், நன்றாக இருட்டிய பிறகுதான் அக்கா வயலிலிருந்து வருவாள். கூலியைக் கேப்பையாகத்தான் அளப்பார்கள். அதைத் திருகையில் அரைத்துக் கூழ் காய்ச்ச வேண்டும். கூழ் ஆறுவதற்குள் பிள்ளைகள் தூங்கிவிடும். தட்டி எழுப்பினால் ஒரு வாய் வாங்கிக்கொண்டு மறுபடியும் பாயில் சாய்ந்துவிடும்.

“காரியக்காரர கேட்டா, மணி எங்கடீ அடிச்சுதுன்றாரு. மணி இல்லன்னா பொழுதே சாயாதாம்,” என்றாள் அக்கா.

கூட்ஸ் ஷெட்டில் மூட்டை எண்ணுகிறவனால் என்ன செய்ய முடியும்?

3. கட்டிய நாள்

யுத்தம் முடிந்ததும் ஸ்டேஷனைத் திறக்கச் சொல்லி ஆபீஸ் ஆபீஸாக நடந்தவர் பண்ணையார்தான். மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, மூட்டை மூட்டையாக மாட்டுவண்டியில் விழுப்புரம் கொண்டுபோவது அவருக்குப் பெரிய பேஜாராக இருந்தது. உத்தரவு வந்தது. உள்ளூர்க்காரன் என்று என்னையே அனுப்பினார்கள்.

புது ஸ்டேஷன் மாஸ்டருக்கு ரூல் என்றால் உயிர். தும்மல் வந்தால்கூட ரூலைப் பார்த்துவிட்டுத்தான் தும்முவார் என்று நாங்கள் கேலி பேசுவோம். ஸ்டோரிலிருந்து எல்லாம் திரும்பி வந்தன. மணி மட்டும் வரவில்லை. “மணி இல்லாம எப்படிய்யா ஜன்னல் தொறக்கறது?” என்று என்மேல் பாய்ந்தார். லைனைச் சோதிக்க டிராலியில் வந்த இன்ஸ்பெக்டரிடம் அவரே கேட்டு, ஒரு தண்டவாளத் துண்டு வாங்கினார். பழைய பூவரசிலேயே கட்டினேன்.

அது பண்ணையார் கண்ணில் பட்டுவிட்டது. திறப்பு விழாவுக்கு முந்தின நாள் ஒரு மூட்டை மல்லாட்டையோடு மாஸ்டரைப் பார்க்க வந்தார்.

“டிக்கெட் வாங்கறது நாலு பேரு. அதுக்கு எதுக்குங்க மணி? வயல்ல வேல கெடுது.”

“ஜன்னல் தொறந்தா மணி அடிக்கணும். ரூல்ல இருக்குங்க.”

“வண்டி வர்றப்ப ஒரு தபா அடிச்சா போதாதா?”

“வண்டி லேட்டாகலாம். ஜன்னல் லேட்டாகக் கூடாது,” என்ற மாஸ்டர், மூட்டையைத் தராசில் வைக்கச் சொன்னார். “இதை எந்த ஊருக்கு புக் பண்ணணும்?”

பண்ணையார் மூட்டையைத் திரும்ப மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அவர் எதற்கு வந்தார் என்பது மாஸ்டருக்குக் கடைசிவரை புரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் சாயங்காலம் பிளாட்பாரத்தில் தோரணம், மேளம், அதிகாரிகள். பண்ணையார் கழுத்தில் ரோஜா மாலை. பாசஞ்சர் லேட் என்று தகவல் வந்திருந்தது. மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்து ஜன்னலைத் திறந்தார். “அடிப்பா,” என்றார்.

அடித்தேன். எல்லோரும் லைனைப் பார்த்தார்கள், நான் வயலைப் பார்த்தேன். நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். வரப்பில் நின்ற காரியக்காரர் பிளாட்பாரத்தில் இருந்த பண்ணையாரைப் பார்த்தார். அப்போது ஒரு அதிகாரி பண்ணையாரின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஊருக்கே உபகாரம் பண்ணிட்டீங்க,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். பண்ணையார் சிரித்துத்தான் ஆகவேண்டியிருந்தது. அக்கா வாய்க்காலில் கை கால் கழுவிக்கொண்டு முதல் ஆளாகக் கரையேறினாள். மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள்.

பாசஞ்சர் வர ரொம்ப நேரம் ஆயிற்று. அதற்குள் சேரிக் கூரைகளுக்கு மேல் அடுப்புப் புகை எழும்பியது. வானத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. எஞ்சின் கரி விழுந்துவிட்டது என்று சொல்லலாம் என்றால் எஞ்சினே வந்தபாடில்லை.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். டிக்கெட் வாங்குகிறவர்கள் மட்டும்தான் நம்மை நம்பி இருக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். வண்டி எப்போது வேண்டுமானாலும் வரட்டும், மணியை நேரத்துக்கு அடித்துவிடுங்கள். அன்றைக்கு அக்காவின் பிள்ளைகள் விழித்திருந்து கூழ் குடித்தார்கள்.