மாரியண்ணன் மூச்சு வாங்கிய இடம்

மைக் பிடிக்கும் தொழிலில் ஒரே ஒரு கஷ்டம்தான்: நாம் சொல்வதை எல்லோரும் கேட்டுவிடுகிறார்கள். கல்யாண மண்டபத்தில் ‘வெள்ளை கார் வழியை மறிக்கிறது’ என்று அறிவித்துவிட்டு மாப்பிள்ளையின் மாமாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட சகாக்களே, உங்களுக்கு இது புரியும். எனக்கு வயது பதினேழு. புனேயில் ஒரு தொழில்முறை கபடி அணிக்கு நான்தான் மைக். இங்கே பாதிப் பேர் பேசியது மராத்தியில், தமிழில் தருகிறேன். குரலைத் தாளில் தர முடியவில்லை, எனக்கும் வருத்தம்தான்.

வேலை கிடைத்த கதை

சிஞ்ச்வட் ஸ்டேஷனில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று, அறிவிப்புப் பெண்மணியின் குரலில், லோக்கல் ரயில் எதிர் பிளாட்பாரத்துக்கு வருவதாகச் சொன்னேன். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் மூட்டை முடிச்சோடு படியேறினார்கள். ரயில் பழைய பிளாட்பாரத்துக்கே வந்தது. போனவர்களில் ஒருவர் மட்டும் திரும்பி வந்து என் காதைப் பிடித்தார். அவர்தான் கபடி அணி மேனேஜர், பெயர் காலே.

என் அப்பா பெயர், பள்ளிக்கூடம் எல்லாம் விசாரித்தார். பிறகு போலீஸைக் கூப்பிடாமல் டிரைவரைக் கூப்பிட்டுச் சொன்னார்: “இந்த வாயை வெளியே விட்டா ஊருக்கு ஆபத்து. வண்டியில ஏத்து, நம்ம மைக்கைக் குடுத்து உட்கார வைப்போம்.”

இடைவேளை நிகழ்ச்சி

ஆட்டத்தின் இடைவேளையில், ஒவ்வொரு ஆட்டக்காரரும் ‘கபடி கபடி’ என்று பாடிப் போவதை நான் செய்து காட்டுவேன். யார் என்று கூட்டம் கத்த வேண்டும். ஒருவர் மிக்ஸி மாதிரி, ஒருவர் பஞ்சரான டயர் மாதிரி. உசிலம்பட்டியிலிருந்து வந்த மாரியண்ணன்தான் அணியின் நட்சத்திரம். எதிராளி கோட்டுக்குள் அவர் நிற்கும் நேரம் வேறு யாருக்கும் வராது. அவர் பாட்டை மொபைலில் பதிவு செய்து வைத்து, குளியலறையில் பழகியிருந்தேன்.

அன்றைக்கு அச்சு அசலாக வந்தது. “கபடிகபடிகபடி”, தொடையில் ஒரு தட்டு, அந்தச் சத்தத்துக்குள் ஒரு சின்ன “ஹ்”, மறுபடி “கபடிகபடி”. “மாரி! மாரி!” என்று கூரை அதிர்ந்தது. நடுவர் தேஷ்முக் மேடம் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தார். “நடுவுல ஒரு மூச்சு எடுத்தியே, தம்பி, அது உன்னோடதா, அவனோடதா?”

தீர்ப்பு

தொழில் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே. “நான் எதையும் சேர்க்கிறதில்லை, மேடம்” என்றேன். பழைய ஆட்டங்களின் வீடியோவைச் சத்தத்தோடு போட்டுப் பார்த்தார்கள். பாட்டின் நடுவே மூச்சு விட்டால் ஆள் அவுட், எதிராளிக்குப் புள்ளி. மாரியண்ணன் அதைத் தொடைத் தட்டலில் ஒளித்து ஒரு சீசன் முழுக்க ஆடியிருந்தார். கோப்பைக்கான கடைசி ஆட்டம் வரை தடை. அதுவரை, ஆடுகள விரிப்பில் மற்றவர்கள் சிந்தும் வியர்வையைத் துடைப்பது அவர் வேலை என்று காலே சேர்த்துக்கொண்டார். கடைசி ஆட்டத்தைப் பார்த்துத்தான் அடுத்த வருட ஒப்பந்தம்.

அடி விழும் என்று தயாராகத்தான் போனேன். மாரியண்ணன் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: “என்னைய மாதிரியே இருந்துச்சுடா தம்பி. கொஞ்சம் மட்டமாப் பண்ணியிருக்கக் கூடாதா?”

அணைக்கட்டில் பயிற்சி

‘மாட்டிவிட்ட காது எனக்கே வேலை செய்யட்டும்’ என்று அவரே முடிவு செய்தார். அப்பா ஹிஞ்சேவாடிக்குக் கம்பெனி வண்டி ஏறியதும் நான் மாரியண்ணன் பைக்கில் ஏறிவிடுவேன். கடக்வாஸ்லா அணைக்கரையில் அவர் முதுகைக் காட்டிக்கொண்டு பாடுவார். நான் கண்ணை மூடிக் கேட்டு, மூச்சு வந்தால் “ஹ்” என்று அவர் குரலிலேயே திருப்பித் தருவேன். முதல் வாரம் நான் பேசியதுதான் அதிகம். போகப் போக எனக்கு வேலை குறைந்தது. அவர் முகம் மட்டும் நீலமாகிக்கொண்டே போனது.

பக்கத்தில் சோளம் சுட்டுக்கொண்டிருந்த மாமிக்குப் பொறுக்கவில்லை. “டாமுக் காத்து சும்மாதானே கிடக்கு! ஒரு வாய் இழுத்துக்கச் சொல்லேன் அந்த மனுஷனை!”

கடைசி ஆட்டம்

மாரியண்ணன் இறங்கியதும் கூட்டம் முழுக்க “ஹ்! ஹ்!” என்றது. எனக்கு இத்தனை சீடர்கள் இருப்பது அன்றைக்குத்தான் தெரியும். புள்ளிகள் சமம், கடைசிப் பாட்டு அவருடையது. ஒருவனைத் தொட்டார். மூன்று பேர் காலைப் பிடிக்க, கையை நீட்டிக் கோட்டைத் தொட்டுவிட்டார். நடுவர் புள்ளி கொடுத்தார். நாங்கள் ஜெயித்தோம்.

கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் ஒரு “ஹ்” வந்திருந்தது. அந்த இரைச்சலில் அது என் காதுக்கு மட்டும்தான் எட்டியிருக்கும். மைக் கையில் இருந்தது. முதல் தடவையாக அதை நானே அணைத்தேன். மாரியண்ணன் எழுந்து, என்னைப் பார்க்காமல், தேஷ்முக் மேடத்தைப் பார்த்துக் கையைத் தூக்கினார். “மூச்சு விட்டுட்டேன், மேடம்.”

புள்ளி எதிரணிக்குப் போனது, கோப்பையும் போனது. காலே நாற்காலியை உதைத்தார், கால் வலித்ததால் அதிலேயே உட்கார்ந்து சொன்னார்: “இனிமே இவன் ‘மூச்சு விடல’ன்னு சொன்னா எந்த நடுவரும் நம்புவாங்க. அடுத்த வருஷமும் இவன் நமக்குத்தான். அந்த மைக் பையனை மட்டும் எதிர் டீமுக்குக் குடுத்துடுங்க.”

ஆக, ஏமாற்றியவரின் தண்டனை முடிந்துவிட்டது. உள்ளதை உள்ளபடி செய்து காட்டியவனுக்குத்தான் இப்போது ஆரம்பித்திருக்கிறது.