மஞ்சள் பூசாத ஒரு வாரம்

எழுபதுகளின் தொடக்கத்தில் என் தமக்கையாரின் வலக் கன்னத்தின் உட்புறத்தில் ஒரு புண் தோன்றிற்று. புகையிலையோடு வெற்றிலை மெல்வதை உணவினும் உயர்வாகக் கருதியவர் அவர். சதைத் துணுக்கை ஆராய்ந்த மருத்துவர், புற்றுநோய் என உறுதி செய்தார். எவ்வளவு பரவியிருக்கிறது என்பதே எஞ்சிய வினா. சிறிதாயின் புண்ணை மட்டும் அறுத்தெடுக்கலாம். பரவியிருப்பின் கன்னத்தையே இழக்க நேரும்.

மருத்துவர் ஒரு புதுமுறையைச் சொன்னார். சில நாள் டெட்ராசைக்ளின் மாத்திரை உண்டால் அம்மருந்து நோயுற்ற சதையில் தங்கிவிடும். இருட்டறையில் புறஊதா விளக்கைக் காட்டினால் அவ்விடம் மஞ்சளாக ஒளிரும். அந்த எல்லையைக் கண்டு கத்தியை வைக்கலாம். இதனை நான் தூய தமிழில் நெடுநேரம் விளக்கினேன். தமக்கையார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மாத்திரை சோற்றுக்கு முன்னா பின்னா என்று மட்டும் வினவினார்.

குறித்த நாள் வெள்ளிக்கிழமை. ஐயம்பேட்டையிலிருந்து என்னுடன் பேருந்தில் வந்தார். விளக்கைக் காட்டியதும் கன்னத்தின் உட்புறம் முழுவதும் ஒளிர்ந்தது. கன்னம் போயிற்று என்றே எண்ணினேன். பின்னர் மருத்துவர் விளக்கைச் சற்றே விலக்கினார். முகம் ஒளிர்ந்தது, கழுத்து ஒளிர்ந்தது, விரல் நகங்களும் ஒளிர்ந்தன. வெள்ளிக்கிழமையாதலால் மஞ்சள் தேய்த்துக் குளித்ததோடு, டாக்டர் பார்க்கப்போகும் வாய் என்று அதையும் மஞ்சள் நீரால் கொப்பளித்து வந்திருந்தார் அம்மையார். மஞ்சளும் அவ்விளக்கில் ஒளிரும் என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

ஒரு வாரம் மஞ்சளைத் தொடாமல் மாத்திரையைத் தொடருமாறு பணித்தார் மருத்துவர். நோயின் பெயரைக் கேட்டுக் கலங்காதவர் இதற்குக் கலங்கினார்.

"மஞ்சள் இல்லாத மூஞ்சோட தெருவுல போனா, உங்க மாமாவுக்கு இன்னாமோ ஆயிடுச்சின்னு பேசுவாங்கபா."

வழியையும் அவரே கண்டார். அவ்வாரம் முழுவதும் அவர் கணவர், தாம் உயிருடன் இருப்பதற்குச் சான்றாக, தறியை விட்டிறங்கிக் கடைக்கும் கிணற்றுக்கும் மனைவியின் பின்னே நடந்தார். எதிர்ப்பட்டோர் யாவரும் நலம் கேட்க, விடையளித்தே களைத்தார்.

மறுமுறை பார்த்தபோது புண்ணைச் சுற்றி மட்டும் மெல்லிய பொன்வளையம் ஒன்று தெரிந்தது. அதன் எல்லையை ஒட்டி அறுத்தார்கள். கன்னம் தப்பியது. அறுத்த இடத்தையும் அதே விளக்கால் பார்த்துவிட்டு மருத்துவர் வெளியே வந்தார்.

"எங்கயும் வெளிச்சமில்ல சார். ஒரே இருட்டு."

என்னருகே நின்ற தமக்கையின் கணவர், உள்ளே கரண்டு போய்விட்டதா என்று கவலையோடு கேட்டார். நோய் எஞ்சவில்லை என்று, இம்முறை இரண்டே சொல்லில், அவருக்கு விளக்கினேன்.