எழுபத்தொன்றைப் போன்றதா?

ஆனி மாதத்துக் காற்று மைக்குக்குள் புகுந்தால், யாரோ காதருகே வந்து நின்று மூச்சு விடுவது போலப் ‘புஸ் புஸ்’ என்று கேட்கும். பாலக்காட்டுப் பக்கமிருந்து கிளம்பி, பீளமேட்டுப் பஞ்சாலைகளின் மேல் சாரலைத் தூவிவிட்டுப் போகும் அந்தக் காற்றில் மேடைத் துணி படபடக்க, வறுத்த கடலையைக் கொறித்தபடி நாங்கள் பிள்ளைகளெல்லாம் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தோம். எங்கள் வீதி மன்றத்தின் ஆண்டு விழா அது. கார்கில் மலையில் சண்டை நடந்துகொண்டிருந்த 1999-ஆம் ஆண்டு.

மற்ற ஆண்டுகளில் எங்கள் பட்டிமன்றம் மாமியார் மருமகளைத் தாண்டாது. அந்த ஆண்டு மன்றச் செயலாளருக்கு நாட்டுப்பற்று பொங்கிவிட்டதால், ‘இந்தப் போர் எழுபத்தொன்றின் போரைப் போன்றதே, போன்றதல்ல’ என்று தலைப்பு வைத்துவிட்டார். 1971-இல் பாகிஸ்தானோடு நடந்த அந்தப் போர் இரண்டே வாரத்தில் வெற்றியில் முடிந்ததைப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்ததால், பட்டிமன்றம் தொடங்கும் முன்பே எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்பது எட்டாம் வகுப்புக்காரியான எனக்கே தெரிந்திருந்தது.

யார் எந்தப் பக்கம் பேசுவது என்பதை எங்கள் மன்றத்தில் சீட்டுக் குலுக்கித்தான் எடுப்பார்கள். இது ஊரறிந்த வழக்கம். ‘குடும்பத்தில் தொல்லை மனைவியே’ என்று மேடையில் முழங்கிய மனிதர் மறுநாளே மனைவியோடு சிரித்துக்கொண்டு சினிமாவுக்குப் போனதை வீதியே பார்த்திருக்கிறது. யாரும் அவரைத் தப்பாக நினைத்ததில்லை. அந்த முறை என் அப்பாவுக்குப் ‘போன்றதல்ல’ என்ற சீட்டு வந்தது. பழுதான பம்பு மோட்டார்களுக்குக் ‘காயில்’ சுற்றிக் கொடுக்கும் சின்னக் கடை வைத்திருந்த அப்பாவுக்கு, வருடத்தில் அந்த ஒரு நாள் மைக் முன்னால் நிற்பதுதான் பெரிய சந்தோஷம்.

“எழுபத்தொண்ணுல அது சமமான பூமிங்க. இப்ப அவன் ஒசக்க மலைமேல ஒக்காந்திருக்கான், நம்ம பசங்க கீழருந்து ஏறோணும். ரெண்டு வாரத்துல முடியற சண்டையில்லீங்க இது” என்றார் அப்பா. எப்போதும் அவர் பேச்சுக்குக் கிடைக்கும் கைதட்டல் வரவில்லை. மைக்கில் காற்று மட்டும் மூச்சு விட்டது. எதிர்ப்பக்கத்தில் பேசியவரோ, “ரெண்டே வாரம், எழுதி வெச்சுக்கங்க!” என்று மேசையைக் குத்த, விசில் பறந்தது.

மறுநாளிலிருந்து வீதி எங்களை ஒரு மாதிரியாகப் பார்க்கத் தொடங்கியது. சீட்டில் வந்ததைத்தான் பேசினேன் என்று அப்பா சொன்னபோது எல்லோரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள், யாரும் நம்பவில்லை. எங்கள் வீட்டில் ஒரு பழைய சிற்றலை ரேடியோ இருந்தது. அப்பா அதில் வெளிநாட்டுத் தமிழ்ச் செய்தி கேட்பது பல வருடப் பழக்கம்தான் என்றாலும், இப்போது ஜன்னல் பக்கம் போகிறவர்கள் நடையைக் குறைத்துக் காது கொடுத்தார்கள். ‘அவனுக ரேடியோவையாக்கும் கேக்கறாரு’ என்று ஒரு பேச்சு கிளம்பியது. பள்ளியில் என் பக்கத்தில் உட்காரும் பெண் ஒருநாள், “உங்கப்பா யாரு பக்கம்டி?” என்று கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனாலும் அன்று சாயங்காலம் அப்பா ரேடியோவைத் திருகும்போது முள் எந்த எண்ணில் நிற்கிறது என்று நானும் எட்டிப் பார்த்தேன். சந்தேகம் அவ்வளவு சுலபமாகத் தொற்றும்.

ஆடி பிறப்பதற்குள் செயலாளரே வீட்டுக்கு வந்தார். “ஞாயித்துக்கெளம ஒரு கூட்டம் வெக்கறமுங்க. நீங்க மேடையேறி, எழுபத்தொண்ணு மாதிரித்தான்னு நாலு வார்த்தை பேசிப்போடுங்க. எல்லாஞ் செரியாப் போயிரும்” என்றார். அப்பா உடனே ஒத்துக்கொண்டார். எனக்கும் அம்மாவுக்கும் நிம்மதியாக இருந்தது. கண்ணாடி முன் நின்று அவர் ஒத்திகை பார்த்தபோது, இன்னும் சத்தமாகச் சொல்லுங்கள் என்று நானே சொல்லிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை ருக்மணியக்கா வந்தார். நான்கு வீடு தள்ளி இருந்தவர். அவருடைய வீட்டுக்காரர் ராணுவத்தில், அந்த மலையில்தான் இருந்தார். பட்டிமன்றத்தன்று முன்வரிசையில் மாமியாரோடு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்பாவைத் திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து அம்மா கதவருகேயே நின்றுகொண்டார்.

“அண்ணா, எழுபத்தொண்ணு மாதிரின்னு மட்டும் பேசிப்போடாதீங்ணா” என்றார் அக்கா. “அன்னிக்கு மைக்குல ரெண்டு வாரம்னு சொன்னாங்க பாருங்க, எங்கத்தை அதையே புடிச்சுட்டாங்க. ரெண்டு வாரந் தாண்டியும் மவன் வரலீன்னதும், அவன் செத்துப்போயிட்டான், நான் மறைக்கறேன்னு என்னையச் சந்தேகப்படறாங்க. தபால்காரர்கிட்ட நான் பேசுனாக்கூட ஓடி வந்து மூஞ்சியப் பாக்கறாங்க. நேரமாகும்னு நீங்க ஒருத்தருதான் சொன்னீங்க. அதைச் சொல்லித்தான் அவங்களத் தேத்தீட்டு இருக்கறனுங்க. அதையும் நீங்க மாத்திச் சொல்லீட்டா நான் என்னங்ணா பண்ணுவேன்?”

அக்கா போன பிறகு அப்பா கண்ணாடி முன் நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேடையேறிய அப்பா மைக்கைப் பிடித்துக்கொண்டு, “அன்னிக்குச் சீட்டுல வந்ததப் பேசுனனுங்க. இன்னிக்குச் சீட்டு இல்லீங்க. இது எதைய மாதிரி, எப்ப முடியும்னு எனக்குத் தெரியாதுங்க. போனவீங்க நல்லபடியா வந்து சேரோணும்” என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். செயலாளர் பாய்ந்து மைக்கை வாங்கிக்கொண்டார். எனக்கு அப்பாவின் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அதன் பிறகு மன்றத்தில் அவருக்கு யாரும் சீட்டு நீட்டவில்லை. போர் முடிந்து, எல்லோரும் பட்டாசு வெடித்த பிறகும் நீட்டவில்லை.

தீபாவளிக்கு ருக்மணியக்காவின் வீட்டுக்காரர் வந்தார். பனியில் கால்விரல் இரண்டு போயிருந்தது. மாலையும் கையுமாக வரவேற்கப் போன செயலாளர் விடாமல், “எழுபத்தொண்ணு மாதிரியே இருந்துச்சுங்களா?” என்று கேட்டார். “எழுபத்தொண்ணுல நான் பொறக்கவே இல்லீங்க” என்றார் அவர், காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு.

இன்று அந்த மன்றம் இல்லை; அங்கே ஐடி கம்பெனிப் பிள்ளைகள் தங்கும் விடுதி நிற்கிறது. அப்பா இல்லை; கோபப்பட்டதற்கு வருத்தப்படும் வயது எனக்கு வந்தபோது கேட்க அவர் இல்லை. சீட்டுக் குலுக்குகிற வழக்கமும் போய்விட்டது. உலகத்தில் எங்கே குண்டு விழுந்தாலும், இது எந்தப் பழைய போரைப் போன்றது என்று கைப்பேசியில் ஆளாளுக்கு ஒரு பக்கத்தைத் தாங்களே எடுத்துக்கொண்டு கத்துகிறார்கள். ‘அதே மாதிரிதான்’ என்று யாராவது ஆரம்பித்தால், இவர் நமக்கு எதை விற்க வருகிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

போன மாதம் ருக்மணியக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். டிவியில் நான்கு பெட்டிகளுக்குள் நான்கு முகங்கள் அதே விவாதத்தை நடத்திக்கொண்டிருந்தன. அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இவீங்க ஊட்ல ஆராச்சும் பட்டாளத்துக்குப் போயிருக்காங்களா கண்ணு?” என்று கேட்டார்.

“தெரியலீங்க்கா” என்றேன்.

அக்கா, வீட்டுக்காரர் படுத்திருந்த உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “நிறுத்திப்போடு கண்ணு. அவரு காதுல உழுந்துச்சுன்னா இன்னிக்கும் தூங்க மாட்டாரு.”

நான் எழுந்து போய் நிறுத்தினேன்.